முப்பத்தொன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி

எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. அடிப்பவள் படிக்கக் கூடாது.

பத்தொன்பது வருடம் அந்த விதியைக் கட்டிக் காத்தவள் நான். கடை அக்காவுடையது. மூன்றாம் மாடியில் நீளமான ஒரு கூடம், காத்திருப்பவர்களுக்கு ஆறு நாற்காலி, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மூன்று கணினி, பின்னால் வேண்டாத சாமான் போடும் அறை. உயில், விவாகரத்து மனு, விசாரணைக் குழு அறிக்கை என்று ஊராரின் அந்தரங்கமெல்லாம் எங்கள் மேசை வழியாகத்தான் போகும். கண் எழுத்தைப் பார்க்கும், கை அடிக்கும், மூளைக்கு அங்கே ஜோலி கிடையாது. எந்த உயிலில் யார் யாருக்கு நாமம் போட்டார்கள் என்று என்னைக் கேட்டால், சத்தியமாகத் தெரியாது. அடிக்கிற வேகத்தைப் பார்த்து அக்கா எனக்குத் தந்தி என்று பேர் வைத்தாள். கடையில் எல்லாருக்கும் நான் தந்திதான்.

இந்த விதிக்கு ஒரு தங்கை விதியும் உண்டு. தாளில் இருப்பது வாயில் வரக் கூடாது. கூடத்தில் எப்போதும் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் எதிர்த்தரப்பு ஆளாகவே இருக்கலாம். அதனால் போனில் திருத்தம் சொல்பவர்கள் எண்ணை மட்டும் சொல்வார்கள். பக்கம், பத்தி, தேவைப்பட்டால் வரி. "பன்னிரண்டு, மூணு, எடுத்துடு" என்றால் பன்னிரண்டாம் பக்கத்தின் மூன்றாம் பத்தி காலி. நான் திருப்பிச் சொன்னால், கேட்பவர்களுக்குப் பஸ் நம்பர் போலத்தான் இருக்கும். என்ன எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த எழுத்துச் செயலியை, அதாவது கணினியில் எழுதவும் திருத்தவும் வைத்திருந்த அந்தப் பழைய புரோகிராமை, நாங்கள் பெரியவர் என்போம். நீலத் திரையில் வெள்ளை எழுத்து. மவுஸ் தேவையில்லை, எல்லாம் விசைதான். எங்களிடம் வருகிறவர்களிடமும் அதுவேதான் இருந்தது. அவர்களின் பன்னிரண்டாம் பக்கம் என்னுடைய பன்னிரண்டாம் பக்கம். அதனால்தான் எண்ணை மட்டும் சொல்லும் வழக்கம் ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது.

பிறகு இன்னொன்று வந்தது. முதலில் வங்கிக்காரர்கள் அதை வாங்கினார்கள், அப்புறம் பள்ளிக்கூடங்கள், அப்புறம் வக்கீல்கள். தினமும் போன் வரும், "நீங்க அனுப்பின ஃபைல் எங்ககிட்ட திறக்க மாட்டேங்குதே" என்று. அது உசத்தி என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லாரிடமும் இருந்ததால் எல்லாரும் வாங்கினார்கள், அவ்வளவுதான். அக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். அவர் யாருக்காகவும் வளைந்துகொடுக்க மாட்டார், வீடே அவருக்காக வளையும். பெரியவரின் ஃபைலை மாப்பிள்ளை திறப்பார், தன் இஷ்டத்துக்கு மாற்றி வைப்பார். மாப்பிள்ளையின் ஃபைலைப் பெரியவரால் திறக்கக்கூட முடியாது.

போன வருடம் அக்கா பெரியவர் இருந்த கணினியைத் தூக்கிப் பின்னறையில் போட்டாள். "இனிமே எல்லாம் மாப்பிள்ளைதான்டி" என்றாள். செயலியை மாற்றினோம். எண் சொல்லும் வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. நடந்த தப்பு முழுதும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

மாறாத வாடிக்கையாளர் ஒருவர் மட்டும் மிச்சம் இருந்தார். ஓய்வு பெற்ற பொறியாளர். விபத்து விசாரணைக் குழுக்களுக்கு அவரைத்தான் தலைவராகப் போடுவார்கள் என்பதால் நாங்களும் தலைவர் என்றே சொல்வோம். கண்டிப்பான மனிதர், வீட்டில் இன்னும் பெரியவரை வைத்துக்கொண்டு அறிக்கையைத் தானே அடிப்பார். திருத்தி, அச்செடுத்து, பைண்டு போடுவது எங்கள் வேலை. எங்களுக்கு வரும் குழு வேலை எல்லாமே அவர் சொல்லித்தான் வந்தது.

அவர் அனுப்பியவற்றில் ஒன்று லிஃப்ட் விபத்து அறிக்கை. ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஒன்றரை மாடி கீழே இறங்கி விழுந்ததில் ஒரு கணக்கருக்கு இரண்டு காலும் உடைந்திருந்தது. இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது நாற்பத்து நாலு பக்கம், மூன்று பிரதி என்பது மட்டும்தான். பென் டிரைவில் வந்த ஃபைலை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் அதை நாற்பத்தேழு பக்கமாக ஆக்கினார். ஒரு பக்கம் கூடினால் என்ன, மூன்று கூடினால் என்ன என்று விட்டுவிட்டேன்.

தலைவர் போனில் மூன்றே திருத்தம் சொன்னார். முதல் இரண்டும் இரண்டாம், நான்காம் பக்கங்களில், ஒவ்வொரு சொல். மூன்றாவது, "முப்பத்தொண்ணு, ரெண்டு. முழுசா எடுத்துடும்மா." அதோடு வைக்கிறவர், அன்றைக்கு ஏனோ ஒரு வரி கூடச் சொன்னார். "சொன்னதையே திரும்பச் சொல்லி வெச்சிருக்கேன். வயசாகுதுல்ல."

முப்பத்தொன்றாம் பக்கம் போனேன். இரண்டாம் பத்தி, ஆறு வரி. இழுத்துப் பிடித்து ஒரு விசை தட்டினேன்.

"ஆச்சா?"

"ஆச்சு சார்."

திருத்திய ஃபைலை அவரால் வீட்டில் திறக்க முடியாது. அச்சுப் பிரதியை முழுதாக அனுப்பியிருக்க வேண்டும். அவசரம் என்று கடைசிப் பக்கத்தை மட்டும் கொடுத்தனுப்பினோம், கையெழுத்தாகி வந்தது. மற்ற உறுப்பினர்கள் இரண்டு பேரும் தலைவர் கையெழுத்தைப் பார்த்துத் தங்கள் கையெழுத்தைப் போட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை பத்தரை மணிக்கு ஒருவர் கடைக்குள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே வந்தவர் எங்களைப் பார்க்காமல் திரும்பி லிஃப்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க லிஃப்ட் ரெண்டாவது மாடி தாண்டும்போது முனகுதுங்க. எண்ணெய் போடச் சொல்லுங்க."

"கட்டடக்காரர்கிட்ட சொல்லணும்" என்றாள் அக்கா.

"எழுதிக் குடுங்க. வாயில சொன்னா ஆதாரம் இல்லை." பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். "எழுதிக் குடுத்து நான் மட்டும் என்னத்தக் கண்டேன்."

லிஃப்ட் மெக்கானிக். உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள், மேல்முறையீடு செய்ய அன்றைக்கு ஐந்து மணி வரைதான் கெடு. மனு கொடுக்க வேண்டிய அலுவலகம் எதிர்ச் சாரியில் இருந்தது. கையால் எழுதிய நாலு தாளைத் தடுப்புக்குக் கீழே நீட்டினார். வாங்கி அடிக்க ஆரம்பித்தேன், வழக்கம்போலப் படிக்காமல். அவரால் உட்கார முடியவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட்தாங்க. வேற எந்த எழவும் எனக்குத் தெரியாது. இன்னிக்கு இது நிக்கலைன்னா இனி ஸ்க்ரூடிரைவரைக்கூடத் தொட முடியாது."

"இங்க விஷயம் எல்லாம் பேசக் கூடாதுங்க" என்றேன், தலையைத் தூக்காமல்.

"என்னத்த ரகசியம். ஊரே காறித் துப்பியாச்சு." பையிலிருந்து ஒரு பைண்டு போட்ட அறிக்கையை எடுத்துத் தொப்பென்று போட்டார். பச்சை அட்டை, கறுப்புச் சுருள் கம்பி. எங்கள் பைண்டிங். "இதைப் பாருங்க. நாப்பத்தேழு பக்கம். கட்டடத்துக்கு இருபத்தெட்டு வயசுன்னு மூணாம் பக்கத்துல ஒரு பத்தி. முப்பத்திரண்டாம் பக்கத்துல எழுத்துக்கு எழுத்து அதே பத்தி மறுபடியும். கட்டடத்துக்கு ரெண்டு தடவை பொறந்தநாள் கொண்டாடியிருக்காங்க. நான் எழுதின கடிதத்தைப் பத்தி ஒரு வரி கிடையாது."

"என்ன கடிதம்?" என்று நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் கேட்டாள்.

"கயிறு தேஞ்சு போச்சு, லிஃப்டை நிறுத்துங்கன்னு விபத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தேன்மா. ஆபீஸ்ல வாங்கி சீல் வெச்சிருக்காங்க. அந்தக் குழுத் தலைவரு என் முன்னாடிதான் வாங்கிப் படிச்சாரு. 'நல்ல வேளை எழுதி வெச்சீங்க'ன்னாரு. அந்த வாயால சொல்லிட்டு, அறிக்கையில கயிறு தேஞ்சதுதான் காரணம்னு முடிச்சுட்டாரு. கயிறைப் பாக்க வேண்டியது யாரு? மெக்கானிக்கு. போச்சு. யாரு எங்க கவனிச்சாங்களோ, பெரிய மனுஷன்!"

என் கை நின்றுவிட்டது. அடித்துக்கொண்டிருக்கும்போது என் கை நடுவில் நின்றதே இல்லை. அக்காகூடத் திரும்பிப் பார்த்தாள்.

சொன்னதையே திரும்பச் சொல்லி வெச்சிருக்கேன். முழுசா எடுத்துடும்மா.

கட்டடத்தின் வயதைத்தான் அவர் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அது இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. அப்படியானால் நான் எடுத்தது என்ன?

"ஒரு நிமிஷம்" என்று எழுந்து, அலமாரியில் உறைக்குள் கிடந்த தலைவரின் பென் டிரைவை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். பழைய கணினியின் மேல் காகிதக் கட்டும் உடைந்த மின்விசிறியும் ஏறி உட்கார்ந்திருந்தன. இறக்கிவைத்துவிட்டு வயரைச் செருகினேன். நீலத் திரை வர ஐந்து நிமிடம் ஆயிற்று. பெரியவர் என்ன இருந்தாலும் கூப்பிட்டால் வருகிறவர்.

முப்பத்தொன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி. கட்டடத்தின் வயது. தலைவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பக்கம் பக்கமாகப் பின்னால் போனேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. பெரியவரிடம் அது அரைப் பக்கம். மாப்பிள்ளை அதை இழுத்து ஒன்றரைப் பக்கமாக ஆக்கியிருந்தார். அதற்குப் பின்னால் இருந்த எல்லாமே ஒரு பக்கம் கீழே தள்ளிப் போயிருந்தன. மீதி இரண்டு பக்கம் அறிக்கையின் கடைசியில் கூடியது. முப்பதாம் பக்கத்தில் இருந்த ஒரு பத்தி எனக்கு முப்பத்தொன்றாம் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. ஆறு வரி. அதைப் படித்தேன். கடைக்கு வந்த நாளிலிருந்து நான் படித்த முதல் பத்தி அது. படித்து முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டதால் அழவில்லை.

"இங்க என்னடி குடைஞ்சுக்கிட்டிருக்கே?" அக்கா வந்து நின்றாள்.

சொன்னேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள்.

"யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

"அப்போ யாருக்கும் தெரியாது."

"அக்கா, அந்த மனுஷன் வெளியில நிக்கிறார்."

"நிக்கட்டும். முப்பத்தொண்ணு ரெண்டுன்னு சொன்னாரு, முப்பத்தொண்ணு ரெண்டை எடுத்தே. நம்ம மேல என்ன தப்பு? வெளியில தெரிஞ்சா ஒரு குழு வேலை வராதுடி. அது இல்லைன்னா இந்தக் கடையில என்ன இருக்கு? நீயும் நானும் ஈ ஓட்டணும்."

அக்கா கெட்டவள் இல்லை. பயந்துபோயிருந்தாள். எனக்கும் பயம்தான், ஆனால் கோபம் அதைவிட ஒரு படி மேலே இருந்தது. என் மேல்தான் முக்கால்வாசி.

"படிக்காதே படிக்காதேன்னு நீதான் சொன்னே. நானும் பெரிய சாதனை மாதிரி படிக்காமலே இருந்தேன். இன்னிக்குப் படிச்சுத் தொலைச்சுட்டேன்க்கா. படிச்சதை இனிமே எப்படிப் படிக்காம இருக்கிறது?"

"அவசரப்படாதே. யோசிச்சு..."

"அஞ்சு மணிக்கு முடிஞ்சுடும். அதுக்கு மேல யோசிச்சு என்ன பண்ண?"

முப்பதாம் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். போன் தடுப்புக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் கேட்கிற இடத்தில் இருந்தது. தலைவர் வீட்டு எண்ணை அழுத்தினேன்.

"சார், தந்தி பேசறேன். லிஃப்ட் அறிக்கையில முப்பத்தொண்ணு, ரெண்டு எடுக்கச் சொன்னீங்களே."

"ஆமா. கட்டடத்தோட வயசு. ரெண்டு தடவை வந்திருந்தது."

"எங்ககிட்ட பக்கம் மாறிடுச்சு சார். நான் வேற பத்தியை எடுத்துட்டேன். படிக்கிறேன், கேளுங்க."

"போன்லயா? கூடத்துல ஆள் இருப்பாங்களேம்மா."

"இருக்காங்க சார்."

படித்தேன். சத்தம் போட்டுப் படித்துப் பழக்கமில்லாத குரல், முதல் வரியிலேயே உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"விபத்துக்குப் பதினொரு வாரங்களுக்கு முன்பே, இரும்புக் கயிற்றில் ஆபத்தான தேய்மானம் இருப்பதையும், கயிற்றை மாற்றும் வரை லிஃப்டை நிறுத்திவைக்க வேண்டும் என்பதையும் மெக்கானிக் எழுத்து மூலம் தெரிவித்துள்ளார். நிர்வாகம் அதைப் பெற்றுக்கொண்டு முத்திரையிட்டுள்ளது. அவர் இருமுறை லிஃப்டை நிறுத்தியும், நிர்வாகத்தின் உத்தரவால் அது மீண்டும் இயக்கப்பட்டது. தம் கடமையை முழுமையாகச் செய்த ஒரே நபர் இவர் என்று இக்குழு கருதுகிறது."

மெக்கானிக் தடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். அந்தக் கடைசி வரியை அவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"இதை எடுக்கச் சொல்வேனா நான்?" என்றார் தலைவர். "இந்தப் பத்திக்காகத்தானேம்மா அந்த அறிக்கையே எழுதினேன்."

"என் தப்பு சார்."

"கையெழுத்து யாருது? படிக்காமப் போட்ட கை என்னோடது. அவருக்குக் கெடு எப்போ?"

"இன்னிக்கு அஞ்சு மணி. இங்கதான் நிக்கிறார்."

"இருக்கச் சொல்லு."

ஒன்றரை மணிக்குத் தலைவர் வந்துவிட்டார். கையால் எழுதிய இரண்டு பக்கக் கடிதம், அதோடு தன் வீட்டில் அச்செடுத்த முழு அறிக்கை, நாற்பத்து நாலு பக்கமும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். மெக்கானிக் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஏழு மாசமா உங்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டிருந்தேன் சார்."

"பாதி எனக்குச் சேர வேண்டியதுதான்" என்றார் தலைவர். மீதி யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. அவர் போன பிறகு மெக்கானிக் என்னைப் பார்த்தார்.

"அதை எடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு நொடி இருக்கும்."

"படிச்சிருந்தா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்பார்கள். இவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"ஒரு நிமிஷம்" என்றேன். "அவ்வளவுகூட ஆகியிருக்காது."

"என் சம்சாரம் அக்கம்பக்கத்துல தலை காட்டறதில்லை. நானே எங்கயோ கோட்டை விட்டுட்டேனோன்னு ராத்திரியெல்லாம் அந்தக் கயிறையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு நிமிஷம்."

"மன்னிச்சிடுங்க" என்றேன். அந்தச் சொல் கண்ணாடித் தடுப்பில் என் பக்கமே தங்கிவிட்டது.

"மனுவைப் புதுசா அடிச்சுத் தரேங்க. இப்போ விஷயம் மாறியிருக்கே" என்றேன்.

"வேண்டாம். பேனா இருக்கா?"

கொடுத்தேன். ஓர நாற்காலியில் உட்கார்ந்து, அறிக்கையை மடியில் வைத்து, அதன் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். சாப்பிடப் போகவில்லை. நானும் போகவில்லை. அக்கா வந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசி நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து உரிமம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. எங்களுக்கு அதற்குப் பிறகு ஒரு குழு வேலையும் வரவில்லை. இரண்டும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அது எதுவும் யாருக்கும் தெரியாது.

நாலு மணிக்கு அவர் எழுந்து வந்து மூன்று தாளைத் தடுப்புக்குக் கீழே நீட்டினார்.

"படிங்க" என்றார். "தப்பு இருந்தா சொல்லுங்க."

படித்தேன். முதல் பக்கம் கடிதத்தைப் பற்றி. இரண்டாம் பக்கம் நடுவில் என்னைப் பற்றி. எங்கள் கடையின் பெயரையும் முகவரியையும் எழுதி, இங்குள்ள தட்டச்சர் ஒரு பத்தியை என்னவென்று படிக்காமலேயே நீக்கியதால் தான் பிழைப்பை இழந்ததாக எழுதியிருந்தார். ஒரு திட்டு இல்லை, ஒரு சொல்லும் மிகையில்லை. அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. கடைப் பெயர் இருந்த வரிக்கு வந்ததும் அவள் கை என் தோளை அழுத்தியது. அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் எடுத்துவிடுவார் என்றுகூடத் தோன்றியது.

மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"தப்பு ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க. எல்லாம் சரியா இருக்கு."

"அப்போ கீழே சாட்சிக் கையெழுத்து போடுங்க."

மூன்றாம் தடவையும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.